டீம்ஸோடு கிளவுட் போனை இணைக்கிறீர்களா? பழைய லேண்ட்லைனில் கை வைக்காதீர்கள்

ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர், காட்பாடி என்று எங்கே கூப்பிட்டாலும் இப்போது ஒரே வேலைதான். ஆபீஸில் எல்லோரும் ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூலையில் தூசி படிந்து கிடக்கும், ஆபீஸ் போன்களையெல்லாம் இணைக்கும் இபிஏபிஎக்ஸ் பெட்டியைக் கழற்றிவிட்டு, கிளவுடில் ஓடும் போன் சிஸ்டத்தை டீம்ஸோடு சேர்த்துவிட வேண்டும் என்கிறார் முதலாளி. செய்துகொடுக்க வரும் பசங்களும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் எங்கள் செட்டில் எல்லோரும் விழுந்து எழுந்த அதே பள்ளங்களில் வரிசையாக விழுகிறார்கள்.

பாஸ்வேர்டை 1234 என்று வைக்காதே, லைசென்ஸ் காலாவதி தேதியைக் குறித்து வை என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் இந்த வேலைக்கே வரக்கூடாது.

பழைய நம்பரை சரண்டர் செய்வது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

வேலூரில் ஆஸ்பத்திரியை ஒட்டிய தெருக்களில் லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கு வாடிக்கையாளர் யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கொல்கத்தா, மால்டா, குவாஹாட்டி, டாக்கா என்று கிழக்கிலிருந்து சிஎம்சிக்கு வைத்தியம் பார்க்க வருகிற குடும்பங்கள். பெயர்ப் பலகையில் வங்காள எழுத்தே இருக்கும். அவர்கள் இணையத்தில் தேடி ரூம் போடுவதைவிட, போன வருஷம் வந்து போன பக்கத்து வீட்டுக்காரர் ஃபைலில் குறித்துவைத்த நம்பருக்குப் போன் போடுவதுதான் அதிகம். 0416 என்று தொடங்கும் லேண்ட்லைன் நம்பர். லாட்ஜ் கட்டடம் போனால்கூட வேறு இடம் பார்க்கலாம்; தொழில் அந்த நம்பரில் இருக்கிறது.

அப்படி ஒருவர் லாட்ஜ், டிராவல்ஸ், மருந்துக் கடை மூன்றையும் ஒரே போன் சிஸ்டத்தில் கொண்டுவர ஆசைப்பட்டார். வந்த பையன் வேலையைச் சுத்தமாகவே செய்திருந்தான். வேறொரு தொலைபேசி நிறுவனத்திடம் புது நம்பர்களோடு சிப் டிரங்க் (SIP trunk, செம்புக் கம்பிக்குப் பதில் டேட்டா இணைப்பில் வரும் போன் லைன்) வாங்கி, கிளவுட் போனில் ஏற்றி, டீம்ஸில் எல்லோருக்கும் இணைத்துவிட்டான். கையோடு, "இனி எதுக்கு சார் ரெண்டு பில்லு?" என்று பழைய லைனை சரண்டர் செய்ய எழுதிக் கொடுக்கவும் வைத்துவிட்டான். பழைய நம்பரை அப்புறம் புது கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம், அதாவது போர்ட் செய்துகொள்ளலாம் என்பது அவன் கணக்கு.

புது சிஸ்டம் அருமையாக ஓடியது. போன்தான் வரவில்லை. சீசன் டல்லாக இருக்கிறது என்று முதலாளி கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டார். பழைய வாடிக்கையாளர் ஒருவர் பெட்டியோடு ரிசப்ஷனில் வந்து நின்று, "உங்க நம்பர் உபயோகத்தில் இல்லைன்னு வருதே" என்று கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "இன்னாபா, இத்தினி வருஷமா அது நம்ம நம்பருதானே?"

இல்லை. அது எக்ஸ்சேஞ்சின் நம்பர். நாம் வாடகைக்கு வைத்திருந்தோம்.

மொபைலில் 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க, நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறலாம். 2015 ஜூலையிலிருந்து மாநிலம் தாண்டினாலும் அதே நம்பர்தான். அந்தப் பழக்கத்தில் லேண்ட்லைனுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தியாவில் லேண்ட்லைன் நம்பரை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ள வழி கிடையாது. பசங்களை ஏமாற்றுவது வெளிநாட்டு வீடியோக்கள். அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ உட்கார்ந்து செய்து காட்டுகிறவர் "இப்போது உங்கள் பழைய நம்பரை போர்ட் செய்யுங்கள்" என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த படிக்குப் போவார். அங்கே அது நடக்கும்.

நான் போய்க் கேட்டபோது பையன் சொன்ன பதில்: "கூகுள்ல புது நம்பர் மாத்திட்டேன் சார்." மால்டாவில் ஒரு பழைய மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதியிருக்கும் நம்பரை யார் மாற்றுவது? மாச வாடகை மிச்சம் என்று செய்த காரியம். பழைய நம்பர் திரும்பக் கிடைக்கவே இல்லை.

சரியான முறை தலைகீழாகத் தொடங்குகிறது. முதலில் எந்த நம்பர் போகக்கூடாது, அது யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கம்பெனியிடமே, "இதே நம்பரை ஃபைபருக்கோ சிப் டிரங்குக்கோ மாற்றித் தருவீர்களா?" என்று கேளுங்கள். தருவார்கள் என்றால் கிளவுட் போன் நிறுவனத்தை அதற்கு ஏற்றாற்போல் தேர்ந்தெடுங்கள். தரமாட்டார்கள் என்றால் பழைய லைன் அப்படியே இருக்கட்டும். வரும் அழைப்பைப் புது நம்பருக்குத் திருப்பிவிடுங்கள். திருப்பும் செலவு பழைய லைன் பில்லில் ஏறும். அழைத்தவர் நம்பர் டீம்ஸில் தெரிகிறதா, ஒரே நேரத்தில் இரண்டு பேர் கூப்பிட்டால் என்ன ஆகிறது என்பதை ஆளை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

மூன்றாவதாக, செம்புக் கம்பியைச் செருகினால் சிப் அழைப்பாக மாற்றித் தரும் எஃப்எக்ஸ்ஓ கேட்வே என்ற சின்னப் பெட்டி இருக்கிறது. நல்ல பெட்டிதான். ஆனால் உள்ளூர் லைனில் வந்த அழைப்பை இண்டர்நெட் வழியாக வேறு ஊருக்குக் கடத்தி எஸ்டிடி கட்டணத்தைத் தாண்டிப் போவது இங்கே சட்டச் சிக்கல். டீம்ஸில் ஆள் இருக்கும் இடத்தைப் பார்த்து அழைப்பை அனுமதிக்கும் அமைப்பு இருப்பதே இதற்காகத்தான். கிளை வேறு ஊரில் இருந்தால், செய்யலாமா என்று தொலைபேசி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்காமல் தொடாதீர்கள்.

சரண்டர் பேச்சை, பழைய நம்பருக்கு மாசக்கணக்கில் ஒரு அழைப்பும் வராத பிறகு எடுங்கள். இந்த லாட்ஜ் மாதிரி இடத்தில் அந்த மாசம் வரவே வராது. வாடகையைக் கட்டிக்கொண்டே இருங்கள்.

வேலூர் விதியை ஆம்பூருக்குப் போடுவது

டீம்ஸில் நம்பர்கள் +91-இல் தொடங்கிப் பத்து இலக்கத்தோடு இருக்க வேண்டும். வேலூருக்கு 416, பிறகு 7 இலக்கம். ஆம்பூர், வாணியம்பாடிக்கு 4174, பிறகு 6 இலக்கம். கணக்கு இரண்டிலும் பத்துதான். ஆனால் ஹெட் ஆபீஸில் உட்கார்ந்து "7 இலக்கம் அடித்தால் முன்னால் +91416 சேர்" என்று ஒரே ஒரு விதியைக் கம்பெனி முழுக்கப் போட்டுவிடுகிறார்கள். ஆம்பூர் தோல் ஃபேக்டரியில் ஒருவர் பக்கத்துத் தெருவுக்கு 6 இலக்கம் அடிக்கிறார், எங்கேயும் போகாது. இப்படிப்பட்ட விதிகளின் தொகுப்புக்கு டயல் பிளான் என்று பெயர்; ஊருக்கு ஒன்று வையுங்கள். +910416 என்று பூஜ்யத்தோடு ஏற்றி வைத்திருப்பதையும் அடிக்கடி பார்க்கிறேன், அதை நீக்குங்கள்.

2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலைக் கூப்பிட முன்னால் 0 போட வேண்டும். டீம்ஸ் அனுப்புவதோ +91. உங்கள் டிரங்க் எதைக் கேட்கிறது என்று முன்பே தெரிந்துகொண்டு இடையில் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் உள்ளே வரும் அழைப்பெல்லாம் வரும், வெளியே மொபைலுக்கு மட்டும் போகாது.

32 விநாடியில் அறுந்துபோகும் அழைப்பு

"லைன் மோசம் சார்" என்பார்கள். லைன் மோசம் என்றால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நேரத்தில் அறுக்கும். சரியாக 32 விநாடியில் அறுந்தால், போனை எடுத்ததற்கான ஒப்புதல் மறுபக்கம் போய்ச் சேரவில்லை என்று பொருள். சிப் முறையில் அரை விநாடியின் 64 மடங்கு வரை காத்திருந்துவிட்டு அழைப்பைத் துண்டிப்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி ரவுட்டரில் இருக்கும் 'சிப் ஏஎல்ஜி' என்ற வசதி. உதவுகிறேன் பேர்வழி என்று முகவரியைத் திருத்திக் கெடுத்துவிடும். டீம்ஸ் ஆப் குறியாக்கி அனுப்புவதால் அதில் அந்த ரவுட்டரால் கை வைக்க முடியாது. ஆகவே டீம்ஸில் நன்றாகப் பேச முடிந்து, மேசைப் போன் மட்டும் அறுந்தால் முதலில் ரவுட்டரைத் திறந்து அதை அணையுங்கள். கம்பெனிக்குப் புகார் எழுதுவதெல்லாம் அப்புறம்.

வாய்ஸ் மெயில் முந்திக்கொள்வது

ரிசப்ஷன், மேனேஜர், டெஸ்பாட்ச் மூன்று பேருக்கும் சேர்ந்து மணி அடிக்க ரிங் குரூப் போடுகிறீர்கள். கிளவுட் போனில் 30 விநாடி. டீம்ஸ் யாரும் எடுக்காவிட்டால் 20 விநாடியில் வாய்ஸ் மெயிலுக்குப் போய்விடும், மாற்றாத வரைக்கும். வாய்ஸ் மெயில் எடுத்தாலும் கிளவுட் போனுக்கு அது "எடுத்தாயிற்று" கணக்குதான். மற்ற போன்களில் மணி நின்றுவிடும். வாடிக்கையாளர் காதில் ஆங்கிலத்தில் ஒரு அம்மா பேசுவார். குரூப்பில் இருப்பவர்களுக்கு வாய்ஸ் மெயிலை அணைத்துவிடுங்கள், அல்லது குரூப் நேரத்தை 20-க்குக் கீழே கொண்டுவாருங்கள்.

எக்ஸ்டென்ஷனை 100-இல் தொடங்குவது

100 போலீஸ், 101 தீயணைப்பு, 108 ஆம்புலன்ஸ், 112 எல்லாவற்றுக்கும். எம்.டி.க்கு 101 கொடுக்காதீர்கள். 2-இல் தொடங்குங்கள்.

லைசென்ஸ்

டீம்ஸ் இருந்தால் வெளியே போன் பேசலாம் என்று நினைக்காதீர்கள். டீம்ஸ் போன் லைசென்ஸ் தனி. மைக்ரோசாஃப்டின் இ5 திட்டம் வாங்கியவர்களுக்கு அது உள்ளேயே இருக்கிறது.

வைஃபை

மேசைப் போனுக்கு வேண்டாம். கேபிள் இழுங்கள்.

யுபிஎஸ்

போனுக்கு மட்டும் போட்டுவிட்டு ஃபைபர் பெட்டியை விட்டுவிடுகிறார்கள். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஸ்விட்ச், மூன்றுக்கும் போடுங்கள்.