இரவல் குரலில் பாடாதீர்கள்

சுருதி விலகுவது, தாளம் நழுவுவது இவற்றை விட்டுவிடுகிறேன். சொல்லிக்கொடுப்பவர் அன்றைக்கே திருத்திவிடுவார். கர்நாடக சங்கீதம் கற்பவரைப் பல வருஷம் கழித்து மாட்டிவிடும் தவறுகள் வேறு.

குரலையும் சேர்த்துப் பாடம் பண்ணுவது

போன மாதம் ஒரு பையன் வந்து கல்யாணி ராகம் பாடினான். இருபது வயது. காந்தார ஸ்வரத்தில் நின்றுவிட்டு மேலே போகும்போது ஓரிடத்தில் மூச்சு வாங்கினான். மறுபடி பாடச் சொன்னேன். அதே இடத்தில் வாங்கினான். அவன் கேட்டுப் பழகிய ஒலிப்பதிவு எனக்கும் மனப்பாடம். பாடிய வித்வானுக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. மூச்சு போதாமல் அவர் நிறுத்திய இடத்தை இவன் சங்கதி, அதாவது பாட்டின் மெருகு, என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். இரண்டு கட்டைச் சுருதியில் தாராளமாகப் பேசும் சாரீரத்தை, அதாவது குரலை, அவருக்காக ஒரு கட்டைக்கு இறக்கியிருந்தான். தாடை இறுகியிருந்தது. கீழ் ஸ்தாயிப் பஞ்சமம் வெறும் காற்றாக வந்தது.

இதைக் கேட்டால் இன்றும் எனக்குப் பொறுக்காது. நானே நான்கு வருஷம் இப்படிப் பாடியவன். ஒருநாள் என் குருநாதர் பாதியில் நிறுத்தி, "வெறும் ஷட்ஜம் பிடி" என்றார், 'ஸ' என்னும் ஆதார ஸ்வரத்தை. பிடித்தேன். "இதுல உன்னுது எங்கேடா?" என்றார். பதில் வரவில்லை. பிறகு ஆறு மாதம் மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பப் பாடமான சரளி வரிசை மட்டும், 'ஆ' என்னும் அகாரத்தில், மெதுவான முதல் காலத்தில். ஐந்தாம் மாதம் ஒரு விடியற்காலையில் மேல் ஷட்ஜம் தானாகப் போய்த் தம்புராவோடு ஒட்டிக்கொண்டது. தொண்டையில் ஒரு சிரமமும் இல்லை. என் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன்.

பாணியைப் பெரியவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளவும் வேண்டும். சாரீரம் அப்படியல்ல. பெரிய பாடகரான செம்மங்குடி சீனிவாச ஐயருக்கு அமைந்தது கரகரப்பான, மூக்கொலி கலந்த சாரீரம். அதையே அசுர சாதகத்தால், அதாவது கடும் பயிற்சியால், பழக்கி, 1947-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார்.

ஒலிப்பதிவைக் கேளுங்கள். பிடித்த சங்கதியை ஸ்வரப்படுத்தி எழுதிவையுங்கள். கேட்ட சூட்டோடு பாடாதீர்கள். மறுநாள் உங்கள் கட்டையில் சுருதி வைத்து, எழுதியதை மட்டும் பார்த்துப் பாடுங்கள். அந்தப் பையன் இப்போது இரண்டு கட்டையில் சரளி வரிசை பாடுகிறான். முகம் சுளிக்கிறான், ஆனால் விடாமல் வருகிறான்.

மூன்றாம் காலத்துக்கு அவசரம்

முதல் காலத்தில் சரியாக அசையாத கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, வேகமான மூன்றாம் காலத்தில் உளறலாகத்தான் விழும். வர்ணம் என்ற பயிற்சி உருப்படிக்கும் இதே கதை.

கழுத்து நரம்பு

கண்ணாடி முன் பாடுங்கள். புடைத்தால் நிறுத்துங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாதகம்

வேண்டாம். தினம் அரை மணி.