தட்டைத் துணியில் ஆழம்: ஒரு சிறிய அரூப குவில்ட்

மேல்துணி, பஞ்சு, பின்துணி மூன்றையும் அடுக்கிச் சேர்த்துத் தைப்பது குவில்ட். அரூப குவில்ட்டில் மரமோ வீடோ இருக்காது. எது அருகில், எது தொலைவில் என்பதைத் துணியின் வெளிர்வும் அடர்வும்தான் காட்ட வேண்டும். பழகுவதற்கு 16 அங்குலச் சதுரம் போதும்.

1. துணியைப் பிரித்தல்

பாப்ளின் துணி நல்லது. பிளவுஸ் துணிக் கடைகளில் ஒரே நிறம் பல சாயல்களில் கிடைப்பது நமக்குப் பெரிய வசதி. சாயம் போகிறதா என்று முதலிலேயே நனைத்துப் பாருங்கள். பிறகு துணிகளைப் பரப்பி, கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒன்றை மாற்றுங்கள். வெளிர், இடைநிலை, அடர் என மூன்று குவியல் வேண்டும். ‘டம்பிளிங் பிளாக்ஸ்’ என்ற பழைய குவில்ட் வடிவம் இந்த மூன்றை மட்டுமே நம்பியது: 60 பாகைச் சாய்சதுரங்கள் மூன்று சேர்ந்தால் ஒரு கனசதுரம் எழுந்து நிற்கும்.

சிவப்பு முன்னால் வரும், நீலம் பின்வாங்கும் என்பார்கள். பாதிதான் உண்மை. மங்கிய செங்கல் நிறத்தின் நடுவே பளிச்சென்ற நீலத்தை வைத்தால் நீலம்தான் முந்தும்.

2. அடுக்குதல்

பின்புலத்துக்கு வெளிர் நீலச் சாம்பலை 18 அங்குலமாக வெட்டுங்கள். தைக்கத் தைக்கத் துணி சுருங்கும். அதைவிடச் சற்றே அடர்ந்த துணியில் அரை அங்குலப் பட்டைகளை அதன்மேல் வையுங்கள். வேறுபாடு குறையக் குறையத் தொலைவு கூடும்; தூரத்து மலை வானத்தோடு கரைவதைப்போல. அடுத்து ஒன்றரை அங்குல இடைநிலைப் பட்டைகள். கடைசியாக, நான்கு அங்குல அகலத்தில் அடர் அரக்கு வடிவம் ஒன்று. அது பின்னாலிருப்பவற்றை மறைத்து, ஓரத்தையும் தாண்டிப் போகட்டும். வெறுமனே தொட்டுக்கொண்டு நின்றால் பயனில்லை.

3. ஊடுருவித் தெரியும் மாயம்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. இடைநிலைப் பட்டைகளில் கடுகு மஞ்சளும் நீலமும் குறுக்கிடும் இடத்தில், அதே அளவில் ஒரு பச்சைச் சதுரத்தை வையுங்கள். பட்டைகள் கண்ணாடிபோல் ஆகிவிடும். பச்சை மஞ்சளை ஒத்திருந்தால் மஞ்சள் மேலே தெரியும். நீலத்தை ஒத்திருந்தால் நீலம் மேலே. ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ் தம் மாணவர்களுக்கு வண்ணத் தாள்களால் கொடுத்த பயிற்சி இது. நான்கைந்து பச்சைகளையாவது மாற்றி வைத்துப் பாருங்கள். அவசரம் வேண்டாம்.

4. தைத்தல்

எல்லாவற்றையும் குண்டூசியால் குத்தி, மீண்டும் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தபின் ஓரங்களில் ஜிக்ஜாக் தையல் போடுங்கள். அடியில் பஞ்சு விரிப்பும் அதற்கடியில் பின்துணியும் வைத்து, பின்புலம் முழுவதும் கால் அங்குல இடைவெளியில் கோடுகளாகத் தையுங்கள். நெருக்கித் தைத்த இடம் அமுங்கும். அரக்கு வடிவத்தைச் சுற்றி விளிம்பில் மட்டும் ஒரு தையல். உள்ளே தொடாதீர்கள், அது உப்பி முன்னே வரும்.

16 அங்குலமாக நறுக்கி ஓரப்பட்டை அடித்தால் முடிந்தது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும் சுவரில் மாட்டுங்கள். நேர் வெளிச்சத்தில் மேடுபள்ளம் தெரியாது.