சென்னை சீசனுக்குக் கிளம்பும் செட்டிநாட்டுக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் இசை சீசன் வந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கமிருந்து கச்சேரி கேட்கவும் அப்படியே ஒன்றிரண்டு கண்காட்சியைப் பார்க்கவும் சென்னைக்குக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். ஓய்வுபெற்ற வாத்தியார்கள், மகன் வீட்டில் ஒரு வாரம் தங்கப் போகிற ஆச்சிமார், பரதம் படிக்கிற பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிற பெற்றோர் என்று எல்லா வகையும் உண்டு. திரும்பி வந்து சொல்கிற புலம்பல் மட்டும் வருஷா வருஷம் மாறுவதில்லை: டிக்கெட் இல்லை, மியூசியம் பூட்டிக் கிடந்தது, பாதிக் கச்சேரியில் எழுந்து பஸ்ஸுக்கு ஓடினோம். யார் பாடுகிறார் என்று பார்த்துவிட்டு அதன்பிறகு பயணத்தைத் திட்டமிடுவதுதான் இத்தனைக்கும் காரணம் என்பேன்.

ஏன் என்று கணக்குப் பாருங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னதாகத் திறக்கிறது (2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது). டிசம்பர் 20-ஆம் தேதிக்கு வேண்டிய டிக்கெட்டை அக்டோபர் 21-ஆம் தேதியே எடுக்கலாம். ஆனால் கச்சேரி நடத்தும் சபாக்களின் முழு நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோதான் கைக்கு வருகிறது. அதைப் பார்த்துவிட்டு ரயிலில் இடம் தேடினால் ஐயப்ப பக்தர்கள், அரையாண்டு விடுமுறைக் குடும்பங்கள், கிறிஸ்துமஸுக்கு ஊர் போகிறவர்கள் என்று எல்லோரும் உங்களுக்கு முன்னால் நிற்பார்கள். அப்புறம் தத்கால்தான் கதி, காலை பத்து மணிக்கு ஏசி வகுப்பு, பதினொன்றுக்கு மற்ற வகுப்புகள், அதற்குள் இணையம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே முதலில் நாளைப் பிடியுங்கள், அப்புறம் எந்த வட்டாரத்தில் இருக்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள், பாடகர் பெயருக்குக் கடைசியில் வரலாம். மியூசிக் அகாடமி விழா வழக்கமாக டிசம்பர் 15-ஐ ஒட்டித் தொடங்கி ஜனவரி 1-ஆம் தேதி சதஸோடு (விருது வழங்கும் கூட்டம்) முடியும், ஜனவரி முதல் வாரத்தில் அங்கேயே நாட்டிய விழா ஆரம்பித்துவிடும். இந்தச் சட்டகம் பெரிதாக மாறுவதில்லை. இதற்குள் எந்த நான்கு நாளில் போனாலும் நல்ல கச்சேரி இல்லாமல் போகாது.

நாள் குறிக்கும்போது நகரத்தார் வீடுகளில் ஒன்றை மறந்துவிட்டுப் பிறகு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வது உண்டு. பிள்ளையார் நோன்பு! கார்த்திகை தீபத்திலிருந்து இருபத்தோரு நாள் எண்ணி, சஷ்டியும் சதயமும் கூடுகிற நாளில் வருவது, அநேகமாக சீசனுக்கு நடுவிலேயே விழும். அன்று சாயங்காலம் குடும்பத்தோடு உட்கார்ந்து நோன்புச் சடங்காக இழை எடுக்க வேண்டிய நேரமும் சபாவில் பிரதானக் கச்சேரி தொடங்குகிற நேரமும் ஒன்றுதான். நாள்காட்டியை முதலில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

திரும்பும் ரயிலை யோசிக்காமல் இருப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு, ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பல்லவன் நமக்கு வசதியான வண்டி, விடிவதற்கு முன் காரைக்குடியில் ஏறினால் மதியத்துக்கெல்லாம் எழும்பூர். ஆனால் அது திரும்பி வருவது பிற்பகலில், நான்கு மணிக்கு முன்பே எழும்பூரை விட்டுக் கிளம்பிவிடும். சேது எக்ஸ்பிரஸும் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸும் மாலையிலேயே போய்விடுகின்றன. சபாக்களில் மாலைப் பிரதானக் கச்சேரி ஆறு, ஆறரைக்கு மேல் தொடங்கி ஒன்பது மணி வாக்கில் முடியும். ஆக, பெரிய கச்சேரியை முழுதாகக் கேட்டுவிட்டு அன்றிரவே இந்த வண்டிகளைப் பிடிப்பது என்பது நடக்காத காரியம். "பஸ்ஸில் போய்க்கொள்ளலாம்" என்பவர்கள் இன்னும் கோயம்பேட்டையே மனதில் வைத்திருக்கிறார்கள். தெற்கே வரும் பஸ்கள் கிளாம்பாக்கத்துக்கு மாறி நாளாகிவிட்டது, அந்த நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தது. மயிலாப்பூரிலிருந்து கிளாம்பாக்கம் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர், சீசன் நேரத்து இரவு நெரிசலில் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கடைசிக் கச்சேரி இரவில் தங்குங்கள். இல்லாவிட்டால் கடைசி நாளன்று மாலைக் கச்சேரி வைத்துக்கொள்ளாமல், காலை நிகழ்ச்சியோடு முடித்துக்கொண்டு பல்லவனைப் பிடியுங்கள். எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் வண்டிகளைத் தாம்பரத்துக்கு மாற்றுவதும் நடந்திருக்கிறது, முதல் நாள் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் நிகழ்ச்சிப் பட்டியலை அப்படியே நம்புவது இன்னொன்று. பாதிப் படங்களில் வருஷமே இருக்காது, யாரோ போன வருஷப் பட்டியலை நல்லெண்ணத்தோடு அனுப்பி வைப்பார்கள். கண்டுபிடிக்க எளிய வழி, தேதியையும் கிழமையையும் சேர்த்துப் பார்ப்பது. டிசம்பர் 25 என்பது 2025-ல் வியாழன், 2026-ல் வெள்ளி. படத்திலுள்ள கிழமை சுவரில் தொங்கும் காலண்டரோடு ஒத்துப்போகவில்லை என்றால் அது பழசு.

அருங்காட்சியகம் விஷயத்தில் கிழமைதான் எல்லாம். திங்கட்கிழமை மியூசியம் லீவு என்று பொதுவாக ஒரு நினைப்பு இருக்கிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டைக்குள் இருக்கும் தொல்லியல் துறை மியூசியமும் வெள்ளிதான். முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். வெள்ளிக்கிழமை அதிகாலை காரைக்குடியில் ஏறி, மதியம் எழும்பூரில் இறங்கி, பக்கத்தில்தானே என்று பாந்தியன் சாலைக்கு ஆட்டோ பிடித்துப் போய்ப் பூட்டிய வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற குடும்பங்கள் ஒவ்வொரு சீசனிலும் உண்டு. மற்ற நாளென்றால் இதே திட்டம் அருமையானது: பெட்டியை க்ளோக் ரூமில் போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனால் ஐந்து மணி வரை பார்க்கலாம்.

ஆனால் அங்கே போயும் ஒரு தப்பு நடக்கும். 1851-ல் தொடங்கிய மியூசியம், ஒரே வளாகத்தில் பல கட்டடங்கள். வாசலில் தொடங்கி வரிசையாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போனால் வெண்கலக் கூடத்துக்கு வரும்போது கால் வலியும் ஐந்து மணியும் சேர்ந்தே வரும். நேராக வெண்கலக் கூடத்துக்குப் போங்கள். திருவாலங்காட்டு நடராஜர், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர், இந்த இரண்டின் முன்னாலும் பத்துப் பத்து நிமிடம் சும்மா நின்றால் போதும், வந்த காசு வசூல். நாட்டியம் படிக்கிற பிள்ளை கூட இருந்தால் கட்டாயம் நிற்க வைக்க வேண்டிய இடம், ஏனென்றால் இடுப்பின் வளைவையும் தூக்கிய காலின் நிதானத்தையும் படத்தில் பார்ப்பது வேறு, அந்த உலோகத்தைச் சுற்றி வந்து பார்ப்பது வேறு. அதற்கப்புறம் அமராவதிச் சிற்பங்கள். நேரம் மிச்சமிருந்தால் மற்றவை. தற்காலிகக் கண்காட்சி ஏதாவது போட்டிருக்கிறார்களா என்பதை டிக்கெட் கவுன்டரிலேயே கேட்டுவிடுங்கள், கேட்காமல் போனால் அடுத்த கட்டடத்தில் நடந்துகொண்டிருப்பது தெரியாமலே வெளியே வந்துவிடுவீர்கள்.

தட்சிணசித்ராவைப் பற்றி நம்மவர்களிடம் ஒரு அலட்சியம் இருக்கிறது, "அங்கே போய் நம்ம ஊர் வீட்டையேவா பார்க்கிறது" என்று. செட்டிநாட்டு வீடு ஒன்று அங்கே இருக்கிறது, உண்மைதான். ஆனால் இங்கே எத்தனை வீட்டை நாம் உள்ளே போய்ப் பார்க்க முடிகிறது சொல்லுங்கள்? பாதி, பங்காளிகள் பூட்டிவைத்தது, சாவி ஒருவர் சென்னையிலும் இன்னொருவர் சிங்கப்பூரிலும் வைத்திருப்பார்கள். அங்கே முகப்பில் ஆற அமர உட்காரலாம், பக்கத்திலேயே கேரள வீடும் கர்நாடக, ஆந்திர வீடுகளும் இருப்பதால் நம் வளவு (வீட்டு நடுமுற்றப் பகுதி) ஏன் அப்படி அமைந்தது என்பது ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் புரிகிறது. ஈசிஆர் ரோட்டில் இருப்பதால் அதற்கென்று முழு நாளை ஒதுக்குங்கள். காலையில் முட்டுக்காடு, மதியம் மயிலாப்பூர், மாலையில் பாரிமுனை என்று போட்டால் நாள் முழுக்கக் காரில்தான் இருப்பீர்கள்.

அங்கேதான் வட்டாரக் கணக்கு வருகிறது. மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, ராயப்பேட்டை ஒரு கொத்து, அகாடமி, நாரத கான சபா எல்லாம் இதற்குள் அடங்கும். தி.நகரில் கிருஷ்ண கான சபா தனி. திருவான்மியூரில் கலாக்ஷேத்ரா, 1936-ல் ருக்மிணி தேவி தொடங்கியது, நம்ம காரைக்குடி சாம்பசிவ ஐயர் வீணை சொல்லிக்கொடுத்த நிறுவனம், அங்கே டிசம்பர் பிற்பாதியில் விழா நடக்கும். உயர் நீதிமன்றம் எதிர்ப்பக்கம் ராஜா அண்ணாமலை மன்றம். ஒரு நாளுக்கு ஒரு கொத்து, அவ்வளவுதான். லஸ், ஆழ்வார்பேட்டைப் பக்கம் மெட்ரோ வேலை நடப்பதால் கொத்துக்குள்ளேயே நகரவும் நேரம் பிடிக்கும்.

ராஜா அண்ணாமலை மன்றத்தை விட்டுவிடுவது, என் கணக்கில், நாம் செய்யக்கூடாத தவறு. கானாடுகாத்தானில் பிறந்த அண்ணாமலை செட்டியார் முன்னின்று 1943-ல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் மேடை அது, தமிழ்ப் பாட்டு மட்டுமே கேட்கலாம், பண் (பழந்தமிழ் ராக முறை) ஆராய்ச்சி அமர்வுகளும் உண்டு. மயிலாப்பூர்க் கூட்டம் அங்கே வராது, இடம் கிடைக்கும். எழும்பூரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்கினால் ஆட்டோக்காரரிடம் பேரம் பேச வேண்டியதே இல்லை.

நட்சத்திரப் பாடகருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று விடுதி அறையில் டிவி பார்க்கிறவர்களையும் பார்க்கிறோம். பகல் கச்சேரிகள், பன்னிரண்டு மணி, இரண்டு மணிக்கு இளம் வித்வான்கள் பாடுவது, பல சபாக்களில் இலவசம். அரங்கம் பாதி காலி, முன் வரிசையிலேயே உட்காரலாம். அகாடமியில் காலை எட்டு மணிவாக்கில் நடக்கும் விளக்க உரைகளும் அப்படித்தான். கேண்டீனுக்குப் போக பல இடங்களில் கச்சேரி டிக்கெட்டும் தேவையில்லை. ஆனால் இலைச் சாப்பாட்டில் கும்மாயமும் பால் பணியாரமும் தேடாதீர்கள், அதற்கு ஊருக்குத்தான் வர வேண்டும்.

உள்ளே உட்கார்ந்தபின் செய்கிற தவறுகளில் போன், நடுப்பாட்டில் நுழைவது, சால்வை இல்லாமல் ஏசியில் பெரியவர்களை நடுங்க விடுவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒன்றை மட்டும் சொல்லியே ஆக வேண்டும். தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கிற பகுதி, ஆரம்பித்ததும் எழுந்து கேண்டீனுக்குப் போவது. வேறு ஊர்க்காரர் போனால் போகட்டும். இன்று மேடையில் நாம் கேட்கிற கச்சேரி முறையை, வர்ணத்தில் தொடங்கி சில கீர்த்தனைகள், ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடா எனும் சிறு பாட்டுகள் என்கிற ஒழுங்கை, நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். அரியக்குடி காரைக்குடியை ஒட்டி இருக்கிறது. மிருதங்கத்துக்குத் தனி மேடை தேடிக்கொடுத்த காரைக்குடி மணி 2023-ல்தான் காலமானார். இந்த மண்ணிலிருந்து போய் தனியில் எழுந்து போவது அழகில்லை. பசித்தால் முன்னாலேயே சாப்பிட்டுவிடுங்கள். தாளம் தெரியாது என்றால் பக்கத்தில் போடுகிறவர் கையைப் பாருங்கள், பத்து நிமிடத்தில் பிடிபட ஆரம்பிக்கும்.

சபா வேண்டாம், நாட்டுப்புறக் கலைதான் பிடிக்கும் என்றால் பொங்கல் சமயத்தில் நடக்கும் சென்னை சங்கமத்துக்குப் போங்கள். கரகம், ஒயிலாட்டம், தப்பாட்டம் எல்லாம் பூங்காக்களிலும் மைதானங்களிலும் இலவசம். எல்லா இடத்துக்கும் சுற்றாமல் தங்கும் இடத்துக்குப் பக்கத்திலிருப்பதை ஒன்று தேர்ந்தெடுத்துச் சீக்கிரமே போய் முன்னால் இடம் பிடியுங்கள். பொங்கலில் ரயில் கிடைக்காதே என்று பயப்படுகிறவர்கள் திசையை மறந்துவிடுகிறார்கள்: பொங்கலுக்கு முன் சென்னையிலிருந்து ஊருக்கு வரும் வண்டியில்தான் நெரிசல், நாம் அங்கே போகிற வண்டி காலியாகத்தான் ஓடும். பொங்கல் முடிந்து நாம் திரும்பும்போதும் கூட்டமெல்லாம் எதிர்ப்பக்கம் சென்னைக்குப் போய்க்கொண்டிருக்கும்.