கார் பெயிண்டில் கெட்டிப்பட்ட ஸ்டிக்கர் பசையை அகற்றும் முறை

வாகனங்களில் அனுமதியின்றி ஒட்டப்பட்டிருக்கும் ஊடகம், காவல்துறை, தலைமைச் செயலகம் போன்ற ஸ்டிக்கர்களின் மீது 2024 மே 2 முதல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தபோது, பலர் தங்கள் வண்டிகளிலிருந்த எழுத்துகளை அவசரமாக உரிக்க நேர்ந்தது. ஸ்டிக்கர் வந்துவிடும், அதன் அடியிலிருந்த பசைதான் வராது. பழைய கார் வாங்கியவர்களும், கல்யாண ஊர்வலத்திற்காக பானட்டில் செல்லோ டேப் போட்டுப் பூச்சரம் ஒட்டியவர்களும், தேர்தல் நேரத்தில் கட்சிச் சின்னத்தை ஒட்டியவர்களும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். பசை பெயிண்டைக் கெடுப்பது அரிது. அதை எடுக்கும் அவசரமே பெயிண்டைக் கெடுக்கிறது. ஆகவே பசையைச் சுரண்டாமல், இளக வைத்துத் துடைத்தெடுக்கும் வழியை இங்கே விளக்குகிறேன்.

முதலில் எதன் மீது கை வைக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். இன்றைய கார்களில் இரும்புத் தகட்டின் மேல் துரு தடுக்கும் பூச்சு, பிரைமர், நிறப் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்குகள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனை விடவும் குறைவு. காரின் பளபளப்பும் வெயிலைத் தாங்கும் திறனும் இந்த மெல்லிய அடுக்கில்தான் இருக்கின்றன. பிளேடு ஒருமுறை சறுக்கினாலும், பாத்திரம் தேய்க்கும் நாரால் சில முறை அழுத்தித் தேய்த்தாலும் அதில் விழும் கீறலைப் பாலிஷ் போட்டு முழுமையாக எடுக்க முடியாமல் போகலாம்.

பசை கெட்டிப்படுவதற்குக் காரணம் வெயில். வினைல் ஸ்டிக்கரை நெகிழ்வாக வைத்திருக்கும் பொருள் ஆண்டுக்கணக்கான சூட்டில் மெல்ல வெளியேறிவிடுவதால், படலம் காய்ந்து நொறுங்கத் தொடங்குகிறது. உரிக்கும்போது துண்டு துண்டாக உடைந்து, பசையை அப்படியே விட்டுவிட்டு வருகிறது. பசையும் புற ஊதாக் கதிர்களால் இறுகிவிடுகிறது. விரலால் அழுத்தினால் ஒட்டி இழுபடும் பசை புதியது, எளிதில் வரும். மஞ்சள் பாரித்து நகத்துக்கும் அசையாத பசை பழையது. அதற்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, அந்தப் பகுதியின் பெயிண்ட் தொழிற்சாலையில் அடிக்கப்பட்டதா, பட்டறையில் மறுபடி அடிக்கப்பட்டதா என்பது. தொழிற்சாலைப் பெயிண்ட் சுமார் 140 டிகிரி செல்சியஸில் சுடப்பட்டு இறுகியது. பட்டறைப் பெயிண்ட் அதைவிட மிகக் குறைந்த சூட்டில், சில இடங்களில் வெறும் காற்றில், உலர்ந்தது; பசையைக் கரைக்கும் திரவங்களான கரைப்பான்களை அது அந்த அளவுக்குத் தாங்காது. கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கின் மேல் பெயிண்ட் தூறல் படிந்திருப்பது, வெயிலில் பார்க்கும்போது பக்கத்துப் பகுதியோடு நிறம் சற்று மாறித் தெரிவது, மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாக இருப்பது ஆகியவை மறுபூச்சின் அடையாளங்கள். எந்தத் திரவத்தையும் மறைவான இடத்தில் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் பெட்ரோல் டேங்க் மூடிக்குள் சோதித்துவிட்டு, மறுபூச்சு அடித்த கதவில் பயன்படுத்துவதால் பயனில்லை. பசை இருக்கும் அதே கதவின் கீழ் விளிம்பில்தான் சோதிக்க வேண்டும். துணியில் காரின் நிறம் ஏறினால் உடனே நிறுத்திவிடுங்கள். கிளியர் கோட் இல்லாத பழைய ஒற்றைப் பூச்சுக் கார்களில் மெல்லத் துடைத்தாலே கொஞ்சம் நிறம் வரும் என்பதால், அவற்றில் கீழே சொல்லும் எண்ணெயோடும் சூட்டோடும் நின்றுவிடுவது நல்லது.

காரைக் கழுவாமல் எதையும் தொடங்கக் கூடாது. பசையைச் சுற்றி ஒட்டியிருக்கும் மணல் துணியோடு சேர்ந்து தேய்ந்து வட்ட வட்டமாகக் கீறல் போடும். கழுவி உலர்த்திய பின், ஸ்டிக்கரின் மிச்சம் இருந்தால் ஹேர் டிரையரைக் கையளவு தூரத்தில் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே சூடேற்ற வேண்டும். தகட்டின் மீது விரலைத் தொடர்ந்து வைத்திருக்க முடிகிற சூடே போதும். பட்டறைகளில் பயன்படுத்தும் ஹீட் கன், பழக்கமில்லாதவர் கையில் சில நொடிகளில் பெயிண்டைக் கொப்பளிக்க வைத்துவிடும். பிளாஸ்டிக் பம்பரையும் நெளித்துவிடும். சூடேறியதும் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, மேல்நோக்கி இழுக்காமல், ஸ்டிக்கரை அதன் மேலேயே மடக்கிப் பின்னோக்கி மெதுவாக இழுங்கள். மெதுவாக இழுத்தால் பசையும் படலத்தோடு சேர்ந்து வரும், வெடுக்கென்று இழுத்தால் பெயிண்டில் தங்கிவிடும். இந்த ஒரு கட்டத்தில் பொறுமையாக இருந்தால் பின்னால் வரும் வேலையில் பெரும்பகுதி மிச்சமாகும்.

மீந்த பசையைக் கட்டைவிரலால் உருட்டிப் பாருங்கள். சூட்டோடு இருக்கும்போது திரண்டு உருண்டையாக வந்துவிடுவதும் உண்டு. வராத பசைக்கு மென்மையானதிலிருந்து வலுவானதை நோக்கிப் படிப்படியாகச் செல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் ரப்பர் வகைப் பசையை இளக்கும், பெயிண்டுக்குத் தீங்கு செய்யாது, ஆனால் நேரம் எடுக்கும். எண்ணெயில் நனைத்த துணியைப் பசையின் மேல் பரப்பி, பாலித்தீன் தாளால் மூடி, அரை மணி நேரம் விட்டு வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால், சரிபாதி தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பயன்படுத்தலாம். அக்ரிலிக் வகைப் பசைக்கு இது நன்றாக வேலை செய்யும். அடுத்த படியில் பெயிண்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைன், டபிள்யூடி-40 என்ற ஸ்பிரே எண்ணெய், அல்லது கார் பாகக் கடைகளில் விற்கும் தார் நீக்கி ஆகியவை வருகின்றன. தரமான தொழிற்சாலைப் பெயிண்ட் இவற்றைச் சிறிது நேரம் தாங்கும்.

எதையும் நேரடியாகக் கார் மேல் ஊற்றாமல் மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து, பசையின் மேல் ஓரிரு நிமிடம் வைத்திருந்து, ஒரே திசையில் துடையுங்கள். ஒவ்வொரு முறையும் துணியின் சுத்தமான பக்கத்துக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கரைந்த பசை சுற்றிலும் பூசப்பட்டு, கைக்குட்டை அளவு இருந்த கறை கதவு முழுவதும் பரவும். இந்த வேலையை நிழலில் செய்யுங்கள், ஏனெனில் சித்திரை வெயிலில் காய்ந்த தகட்டில் கரைப்பான் தன் வேலையைத் தொடங்கும் முன்பே ஆவியாகிவிடும். கரைப்பானைத் தொட்ட பிறகு ஹேர் டிரையரை எடுக்கவே கூடாது, ஆவி தீப்பற்றும். காற்றோட்டமும் கையுறையும் அவசியம்.

தின்னர், அசிட்டோன் அடங்கிய நகப் பூச்சு நீக்கி, பெட்ரோல் ஆகிய மூன்றையும் அடியோடு தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பசை ஒரே துடைப்பில் போவதைக் காட்டி, தின்னர்தான் சிறந்தது என்று சொல்பவர்கள் உண்டு. பெயிண்டை இளக்கி ஸ்பிரே செய்வதற்கென்றே இருக்கும் திரவம், ஏற்கெனவே அடித்த பெயிண்டையும், குறிப்பாக மறுபூச்சையும், இளக்கத்தான் செய்யும். மங்கிப்போன அந்தத் திட்டைச் சரிசெய்ய முழுக் கதவுக்கும் பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கும். ஹெட்லைட்டின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் மூடியில் இவை பட்டால் மயிரிழை வெடிப்புகள் விழும். பளபளப்பில்லாத மேட் பூச்சுள்ள கார்களில் எதைக் கொண்டு அழுத்தித் தேய்த்தாலும் அந்த இடம் பளபளப்பேறி நிரந்தரமாக வேறுபட்டுத் தெரியும்.

கார் பெயர் எழுத்துகளுக்கும் கதவுப் பட்டைகளுக்கும் அடியிலிருக்கும் பஞ்சு போன்ற இருபக்க டேப்புக்கு முறை வேறு. சூடேற்றிய பின் தூண்டில் நரம்பை இரு கைகளாலும் பிடித்து, எழுத்துக்கும் தகட்டுக்கும் நடுவே அறுப்பதுபோல முன்னும் பின்னும் இழுத்தால் எழுத்து கழன்று வரும். மீந்த பஞ்சைப் பட்டி இழுக்கும் பிளாஸ்டிக் தகட்டில் துணி சுற்றித் தள்ளிவிட்டு, அதன் பிறகே கரைப்பானைப் பயன்படுத்த வேண்டும்.

பசை போனதும் ஷாம்பு கலந்த தண்ணீரால் அந்த இடத்தைக் கழுவி, எண்ணெயும் கரைப்பானும் தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரைப்பான் பழைய மெழுகுப் பூச்சையும் சேர்த்தே எடுத்திருக்கும் என்பதால் புதிதாக வாக்ஸ் போட வேண்டும். இத்தனைக்குப் பிறகும் எழுத்துகளின் வடிவம் நிழலாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் பசை அல்ல. சுற்றியுள்ள பெயிண்ட் வெயிலில் மங்க, ஸ்டிக்கருக்கு அடியில் இருந்தது புதிதாகவே இருந்திருக்கிறது. கரைப்பானால் அதை ஒன்றும் செய்ய முடியாது. மென்மையான பாலிஷைக் கையால் சுற்றுப்பகுதியில் தேய்த்தால் வேறுபாடு குறையும். நகத்தை ஓட்டும்போது விளிம்பில் தட்டுப்பட்டால், பெயிண்டை உராய்ந்து மெருகேற்றும் ரப்பிங் காம்பவுண்டை வீட்டில் எடுத்துத் தேய்க்காமல், பெயிண்டின் தடிமனைக் கருவியால் அளந்து பார்த்து வேலை செய்யும் கடையில் காட்டுங்கள்.