செக்ரோல் கணக்கின் பழைய கோபோல் நிரலைப் புதிய கணினியில் ஓட்டுதல்

இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் செக்ரோல் (தொழிலாளரின் வரவு, சம்பளப் பதிவேடு) கணக்கு கோபோல் என்ற நிரல்மொழியில் இருந்தால் அதைக் கைவிட வேண்டாம்; 1959இல் உருவாகத் தொடங்கிய அம்மொழியை, இலவசமாகக் கிடைக்கும் குனூகோபோல் என்ற மொழிமாற்றி நிரல் இன்றும் சி மொழிக்கு மாற்றி லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடவைக்கிறது.

முதலில் எல்லாக் கோப்புகளையும் பிரதியெடுங்கள். பழைய முறையில் நிரலின் ஒவ்வொரு வரியிலும் முதல் 6 இடங்கள் வரியெண்ணுக்கும், 7ஆம் இடம் குறிப்புரையைக் காட்டும் நட்சத்திரக் குறிக்கும் உரியவை. 8 முதல் 72 வரையே கட்டளைகள் அமைய வேண்டும். பெரும்பாலான பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன.

சம்பளத் தொகையை வைக்கும் புலம் ‘பிக் 9(5)வி99’ (புள்ளிக்கு முன் 5 இலக்கம், பின் 2 இலக்கம்) என்றிருந்தால், கணக்கு தசமத்திலேயே நடப்பதால், கொழுந்து பறிப்பவரின் சம்பளத்தில் ஒரு சதமும் பிசகாது. ஆனால் தோட்டத்தின் மொத்தத் தொகையும் அதே அளவுப் புலத்தில் இருந்தால், 99,999.99 ரூபாவைத் தாண்டியதும் முன்னிலக்கம் வெட்டுப்படலாம். அந்த மொத்தத் தொகைப் புலத்தில் புள்ளிக்கு முன்னுள்ள பகுதியை 9 இலக்கமாக அகலப்படுத்துங்கள்.

இரண்டு மாதச் சம்பளத்தைப் பழைய கணினியிலும் புதியதிலும் கணக்கிட்டு, ஒவ்வொரு பெயராக ஒப்பிட்ட பின்னரே பழையதை நிறுத்துங்கள்.