வனத்து அந்தோணியாரின் மடத்துக்குக் கிளம்பும் முன்

நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் வனத்து அந்தோணியார், வனத்துச் சின்னப்பர் என்று கும்பிடுகிறார்களே, அந்த இருவரின் ‘வனம்’ மரம் அடர்ந்த காடு இல்லை. எகிப்தின் கிழக்குப் பாலைவனம். செங்கடல் பக்கத்து மலைகளின் அடியில் இருவர் பெயரிலும் காப்டிக் (எகிப்தின் பழைய கிறிஸ்தவ சபை) மடாலயங்கள் இருக்கின்றன. துறவிகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். கெய்ரோவிலிருந்து காரில் மூன்று மணி நேரம் பக்கம் ஆகும். பிரமிடு, நைல் படகு எல்லாம் முடித்த கையோடு “அப்படியே ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துரலாம்” என்று கிளம்புகிறார்கள் பாருங்கள், தவறு அங்கேதான் தொடங்குகிறது.

பெரும்பாலோர் கோட்டை விடுவது தேதியில். காப்டிக் சபையின் காலண்டர் வேறு. கிறிஸ்துமஸ் அவர்களுக்கு ஜனவரி 7. அதற்கு முன் நவம்பர் 25 முதல் 43 நாள் நோன்பு. ஈஸ்டருக்கு முன் 55 நாள் பெரிய நோன்பு. சிறு நோன்புகளையும் சேர்த்தால் வருடத்தில் 200 நாளுக்கு மேல் போய்விடும். பெரிய நோன்புகளின்போது பல மடங்கள் வெளியாட்களுக்கு வாசலைச் சாத்திவிடுகின்றன. 2027ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஈஸ்டர் மார்ச் 28. “தவக்காலம் முடிந்துவிட்டது, ஏப்ரலில் போகலாம்” என்று டிக்கெட் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே மார்ச் 8இல் தொடங்கும் நோன்பு மே 2 ஈஸ்டர் வரை ஓடும். வனத்து அந்தோணியார் திருநாளும் அப்படித்தான். நமக்கு ஜனவரி 17, அவர்களுக்கு ஜனவரி 30. நோன்பு இல்லாத நாளாகப் பார்த்தாலும் வெள்ளிக்கிழமையை விட்டுவிடுங்கள். எகிப்தில் அது விடுமுறை நாள், பஸ் பஸ்ஸாக யாத்ரீகர்கள் வந்து இறங்குவார்கள்.

அடுத்தது வரைபடத்தை நம்புவது. இரண்டு மடங்களும் படத்தில் கூப்பிடு தூரம் போலத் தெரியும். நடுவில் நிற்பது மலை. சாலை மலையைச் சுற்றி, கடற்கரைக்கு இறங்கி, மறுபடி உள்ளே ஏறுகிறது. எண்பது கிலோமீட்டருக்கு மேல். மடத்து வாசல் வரை பஸ்ஸும் கிடையாது. நெடுஞ்சாலைப் பிரிவில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து நிழலே இல்லாமல் பத்து கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். இதைச் சாகசமாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது முட்டாள்தனமாகத்தான் படுகிறது. போக, காத்திருக்க, திரும்ப என்று மூன்றுக்கும் சேர்த்து வண்டி பேசிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் கைப்பையில் இருக்கட்டும், வழியில் சோதனைச் சாவடிகள் உண்டு. எகிப்தின் மின்யா நகருக்குப் பக்கத்துப் புனித சாமுவேல் மடத்துக்குப் போன யாத்ரீகர்களின் பஸ்கள் 2017 மே மாதத்திலும் 2018 நவம்பரிலும் தாக்கப்பட்டு உயிர்கள் போயின. அதனால் எந்த மடம் என்றாலும் அன்றைய நிலவரத்தை விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

அந்தோணியார் தவம் செய்த குகையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். மடத்துக்குப் பின்னால் மலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். கோடை நடுப்பகலில் ஏறினால் பாதியிலேயே நாக்கு உலர்ந்துவிடும். விடிந்ததும் தண்ணீரோடு ஏறுங்கள். மேலே போனதும் குகை உங்களை உடனே உள்ளே விடாது. மலைப் பிளவு போல ஓர் இடுக்கு. முதுகுப்பையைக் கழற்றி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, தலை குனிந்து நுழைய வேண்டும். இடுக்கான இடம் என்றால் மூச்சு முட்டுகிறவர்கள் வெளியே உட்கார்ந்து பாலைவனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தக் காட்சியும் ஒன்றும் குறைச்சல் இல்லை.

கீழே பழைய ஆலயத்தின் சுவர்களில் 13ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். பல நூற்றாண்டுப் புகை படிந்து கறுத்துக் கிடந்தவற்றை 1990களில் பொறுமையாகச் சுத்தம் செய்து மீட்டார்கள். அங்கே போய் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். படம் எடுக்கலாமா என்று முதலில் துறவியிடம் கேளுங்கள். ‘அபூனா’ (எங்கள் தந்தையே) என்று கூப்பிட்டால் போதும். செருப்பை வெளியே விடுவது நமக்குப் பழக்கம்தான். அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டை மட்டும் வேண்டாம்.

இரவு தங்க ஆசை என்றால் பெட்டியோடு போய் நிற்காமல் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். ஆண்களை மட்டும் தங்கவிடும் மடங்களும் உண்டு, குடும்பமாகப் போகிறவர்கள் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், சினாய் மலையடியில் உள்ள புனித கத்தரீனா மடத்தையும் காப்டிக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மடம்.

பூசையில் நற்கருணை வாங்க வரிசையில் நிற்பதும் வேண்டாம். காப்டிக் சபை 451இல் நடந்த கல்சிதோன் சங்கத்தின் (ஆயர்களின் பொதுக்கூட்டம்) முடிவை ஏற்காமல் பிரிந்தது. கத்தோலிக்கருக்கு அங்கே நற்கருணை தர மாட்டார்கள். அதற்காக முகம் வாடி வெளியே வந்துவிடாதீர்கள். பூசை முடிந்ததும் குர்பான் என்ற சிறு வட்ட ரொட்டியை ஆசீர்வதித்து எல்லோருக்கும் தருவார்கள். தேநீரும் வரலாம். கூச்சப்பட்டு வேண்டாம் என்று சொல்லாதீர்கள், துறவியின் கையில் பணத்தையும் திணிக்காதீர்கள். காணிக்கைப் பெட்டி இருக்கும். சின்னப்பருக்குக் காகம் தினமும் அரை ரொட்டி கொண்டுவருமாம். அந்தோணியார் விருந்தாளியாக வந்த அன்று முழு ரொட்டியாகக் கொண்டுவந்தது என்று அந்த மடத்தில் இன்றும் சொல்கிறார்கள்.