இல்-2 ஸ்டுர்மோவிக்: புதிதாக ஆடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 முதல் சுகோய்-30 அணி நிலைகொண்டிருப்பதால், நடவு வயலில் குனிந்து நிற்பவர்களுக்குக்கூடப் போர் விமானத்தின் இரைச்சல் பழகிவிட்டது. அந்த ஜெட் வேகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ‘இல்-2 ஸ்டுர்மோவிக்’ கணினி ஆட்டத்தைத் தொடங்குவதுதான் முதல் தவறு. மாஸ்கோவின் மேடாக்ஸ் கேம்ஸ் உருவாக்கி 2001-இல் வெளிவந்து, 2006-இல் ‘1946’ என்னும் பெருந்தொகுப்பாக விரிந்த இந்த ஆட்டத்தின் உயிர், இரண்டாம் உலகப் போரின் புரொப்பெல்லர் விமானங்களில் இருக்கிறது. இங்கே கண்தான் ராடார்.

என்னிடம் கேட்டு வாங்கி ஆடிய தம்பிகள் சிலர், “எவ்வளவு சுட்டாலும் விழ மாட்டேங்குதுண்ணே” என்று இரண்டே நாளில் விட்டுவிட்டார்கள். எதிரி புள்ளியாகத் தெரிந்தவுடனே சுட்டதுதான் காரணம். இறக்கைத் துப்பாக்கிகள் சற்று உள்நோக்கித் திருப்பப்பட்டிருப்பதால், அவற்றின் குண்டுகள் குறிப்பிட்ட ஒரு தூரத்தில்தான் ஒன்றுசேரும். அந்தத் தூரத்தைப் புறப்படும் முன்பே மீட்டர் கணக்கில் நாமே அமைத்துக்கொள்ளலாம். நான் 200 மீட்டருக்கு மேல் வைப்பதில்லை. ஜப்பானின் ஜீரோ ஏ6எம்2 விமானத்தில் பீரங்கி ஒன்றுக்கு 60 குண்டுகள்தாம். விசையை விடாமல் அழுத்தினால் ஏழெட்டு வினாடிகளில் தீர்ந்துவிடும். எதிரியின் இறக்கை கண்ணாடிச் சட்டத்தை நிறைக்கும்வரை காத்திருந்து, அரை வினாடி மட்டும் அழுத்திப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, உயரத்தை வீணாக்குவது. உயரம் என்பது மேட்டூரில் தேங்கிய தண்ணீர். 120 அடி நிறைந்திருந்தால் எந்த ஆற்றில் எப்போது எவ்வளவு விடுவது என்று நாம் தீர்மானிக்கலாம். வற்றிய பிறகு கடைமடை விவசாயியைப்போல வானத்தைப் பார்த்து நிற்க வேண்டியதுதான். மேலிருந்து பாய்ந்தால் உயரம் வேகமாகிறது, சுட்டுவிட்டு மேலேறினால் அந்த வேகத்தில் பெரும்பகுதி மறுபடியும் உயரமாகிறது. இதை மறந்து, குறைந்த வேகத்தில் ஜீரோவோடு வட்டமிட்டுத் திரும்பப் போகிறவர் சில சுற்றுகளிலேயே அதன் துப்பாக்கிக்கு முன்னால் வந்துவிடுவார்.

ஜாய்ஸ்டிக்கை வெடுக்கென்று இழுப்பதும் ஆகாது. விமானம் முதலில் நடுங்கும். அந்த நடுக்கத்திலேயே கையைத் தளர்த்தாவிட்டால் ஒரு பக்க இறக்கை சரிந்து சுழலத் தொடங்கிவிடும். விசைப்பலகையில் இந்த நுட்பம் கைவராது, ஆகவே எளியதாக இருந்தாலும் ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கிவிடுங்கள்.

ஆட்டம் எவ்வளவு நிஜம்போல இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் கடினத்தன்மைப் பட்டியலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆடுபவரும், முதல் நாளே எல்லாவற்றையும் இயக்குபவரும் ஒரே மாதிரி சலித்துப்போகிறார்கள். எஞ்சின் சூடேறுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்; குண்டுகள் தீர்ந்துபோகும் கணக்கும், காக்பிட்டில் விமானியின் இருக்கையிலிருந்து பார்க்கும் பார்வையும் மட்டும் தொடக்கத்திலிருந்தே இருக்கட்டும். வெளியிலிருந்து பார்க்கும் காட்சி அழகானதுதான், ஆனால் பின்னால் வருபவனை அது இலவசமாகக் காட்டிக்கொடுத்து அச்சத்தையே இல்லாமல் செய்துவிடுகிறது.

1942 ஏப்ரல் 9 அன்று, நம் கோடியக்கரைக்குத் தென்கிழக்கே கடலுக்கு அப்பாலுள்ள திருகோணமலையை ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது, அவற்றுக்குக் காவலாக வந்தவை இதே ஜீரோக்கள். அந்தக் காக்பிட்டில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கும்போதெல்லாம், விமானியைக் காக்க இருக்கைக்குப் பின்னே ஒரு கவசத் தகடுகூட இல்லை என்பது என் நினைவுக்கு வரும்.